கிரியேட்டினின் 1-லிருந்து 2 ஆனால் "ஒரு பாயின்ட்" தானா? சிறுநீரகத்தைக் கணக்காகப் பார்ப்போம்

கள்ளந்திரி | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கள்ளந்திரிப் பக்கம். அப்பாவுக்கு 58 வயது, விவசாயம். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஏழு மாதமாக டயாலிசிஸ் போகிறார், வாரத்துக்கு இரண்டு நாள்.

அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளை அம்மா ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தார். நேற்று அவற்றைத் தேதிவாரியாகத் தரையில் அடுக்கினேன். ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 1.1. அடுத்த வருஷம் 2.1. அதற்கடுத்து 4.3. போன வருஷம் 8. அந்த 2.1 வந்த அன்று காட்டிய இடத்தில், "ஒரு பாயின்ட்தான் கூடியிருக்கு, தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம். அந்த அறுவடை முழுக்க அப்பா இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலை பார்த்தார். 4.3 வந்தபோதுதான் பயந்தோம்.

ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுக்கலாம் என்று இருக்கிறேன். சிறுநீரகத்தைச் சமன்பாடாக எழுத முடியுமா? எழுதியிருந்தால் அந்த 2.1 அன்றைக்கு எங்களிடம் என்ன சொல்லியிருக்கும்? வைத்தியம் கேட்கவில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். எனக்கு இது புரிய வேண்டும்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.25

புரிய வேண்டும் என்று கேட்டாயே அம்மா, அதுவே பாதி வேலை. நான் திருமங்கலத்தில் முப்பது வருஷம் பிளஸ் டூ கணக்கு எடுத்தவன். மருத்துவம் தெரியாது. தொட்டிக் கணக்கு தெரியும். உன் கேள்வியின் முதல் படி தொட்டிக் கணக்குதான்.

ஒரு தொட்டி. ஒரு குழாய் வழியாக அழுக்கு உள்ளே விழுகிறது. இன்னொரு வழியாகச் சுத்தமாகி வெளியே போகிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. 60 கிலோ ஆணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள். நிலை அடங்கிய பிறகு வரவும் செலவும் சமம். அப்படியானால் ரத்தத்தில் இருக்கும் அளவு = ஒரு நாள் வரவு ÷ ஒரு நாளில் சுத்தமாகும் ரத்தநீர்.

கிரியேட்டினின் 1 என்றால் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 10. 1200-ஐ 10-ஆல் வகுத்தால் 120. நாளுக்கு 120 லிட்டர் சுத்தமாகிறது. கிரியேட்டினின் 2 என்றால் 60 லிட்டர். 4 என்றால் 30. 8 என்றால் 15.

இப்போது கழித்துப் பார். 1-லிருந்து 2-க்குப் போனதில் 60 லிட்டர் போய்விட்டது. 4-லிருந்து 8-க்குப் போனதில் போனது 15 லிட்டர்தான். ரிப்போர்ட்டில் நாலு பாயின்ட் ஏறியது பயமாகத் தெரிகிறது, ஒரு பாயின்ட் ஏறியது சாதாரணமாகத் தெரிகிறது. நிஜத்தில் பெரிய இழப்பு அந்த ஒரு பாயின்ட்டில்தான் நடந்திருக்கிறது. இது நேர்கோடு இல்லை, அதிபரவளையம். பள்ளிக்கூடத்தில் வரைந்திருப்பாயே, அதே வளைவு.

உன் அப்பாவின் எண்களைப் போட்டால்: 109, 57, 28, 15.

கள்ளந்திரி | ஞாயிறு, இரவு 10.40

சார், இதை நோட்டில் வரைந்துவிட்டுப் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 109-லிருந்து 57. பாதி. ஒரே வருஷத்தில். அந்த வளைவில் 2.1 இருக்கும் இடத்தைப் பார்த்தால் அதற்கு முன்னால்தான் செங்குத்தாக இறங்கியிருக்கிறது. நாங்கள் பயந்த 4.3 கிட்டத்தட்ட படுத்த பகுதி.

தெற்குமாசி டாக்டர் | திங்கள், காலை 6.50

வாத்தியார் ஐயா போட்ட கணக்கு அருமை. நோயாளிகளுக்கு இதைப் படமாக வரைந்து காட்ட எனக்கு நேரமே கிடைப்பதில்லை, காட்ட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று இடத்தில் மட்டும் திருத்தம்.

ஒன்று, "நிலை அடங்கிய பிறகு" என்ற சொல் மிக முக்கியம். உடம்பில் நீர் 36 லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 120 லிட்டர் சுத்தமானால் அளவு பாதியாகும் நேரம் சுமார் 5 மணி. பத்தில் ஒரு பங்கு, 12 லிட்டர்தான் சுத்தமாகிறது என்றால் அதுவே 50 மணி. ஆக, சிறுநீரகம் திடீரென்று நின்றாலும் கிரியேட்டினின் உடனே எகிறாது. முதல் சில மணி நேரத்தில் 1.5 காட்டும், உள்ளே வேலை பூஜ்யமாக இருக்கும். பாம்புக்கடி கேஸ் வரும்போது இதை நினைத்துக்கொண்டுதான் பார்ப்போம்.

இரண்டு, சிறுநீரகம் முழுதும் நின்றால் தொட்டிக் கணக்குப்படி ஒரு நாளில் 3.3 ஏற வேண்டும். படுக்கையில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் 1 முதல் 1.5. உடம்பு சுகமில்லாதபோது வரவே குறைந்துவிடுகிறது. கணக்கும் நேரில் பார்ப்பதும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம்.

மூன்று, கிரியேட்டினின் வடிகட்டியில் மட்டும் வெளியேறவில்லை. வடிகட்டியை அடுத்து வரும் குழாயின் சுவரும் அதைச் சிறுநீருக்குள் கொஞ்சம் தள்ளுகிறது. நோய் முற்றும்போது அந்தத் தள்ளலின் பங்கு கூடும். அதனால் இந்தக் கணக்கு, மிச்சம் இருப்பதைக் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

உசிலை | திங்கள், காலை 8.15

படித்ததும் பதறிவிட்டேன். அம்மாவுக்கு 70 வயது, எடை 42 கிலோ. போன வாரம் கிரியேட்டினின் 1.2 என்று வந்தது. லேப் தாளில் அது நார்மல் கட்டத்துக்குள் இருக்கிறது. என் கிரியேட்டினினும் அதே 1.2. எனக்கு 25 வயது, 75 கிலோ. இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?

கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 9.05

ஒன்று இல்லை தம்பி. வரவு வேறு. உன் தசை எங்கே, அம்மாவின் தசை எங்கே. 1976-இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் இதற்கு ஒரு எளிய வாய்ப்பாடு தந்தார்கள். நேற்று ராத்திரி தேடிப் படித்தேன். 140-இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு. 72-ஐக் கிரியேட்டினினால் பெருக்கி, அதால் வகு. பெண் என்றால் 0.85-ஆல் பெருக்கு.

உனக்கு: 115 × 75 ÷ 86.4 = நிமிஷத்துக்கு 100 மில்லி.
அம்மாவுக்கு: 70 × 42 ÷ 86.4 × 0.85 = 29 மில்லி.

அதே 1.2.

தெற்குமாசி டாக்டர் | திங்கள், மதியம் 2.30

உசிலை தம்பி, பதற வேண்டாம், ஆனால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். அந்த வாய்ப்பாடு 249 பேரை வைத்து வந்தது, கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கான 0.85 ஒரு மதிப்பீடு. இப்போது நாங்கள் பெரும்பாலும் 2009-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட சி.கே.டி-எபி சமன்பாட்டைப் பார்க்கிறோம். அதில் அம்மாவின் எண் கூடுதலாக வரும். ஏனென்றால் அது எடையைக் கேட்பதே இல்லை. மெலிந்த பாட்டிமார்களுக்கு அதனாலேயே அது நல்ல பேர் சொல்லிவிடும். சந்தேகம் என்றால் சிஸ்டாட்டின்-சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, தசையை அவ்வளவாக நம்பி இல்லாதது. கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருந்துக்கடை வலி மாத்திரை எதையும் அம்மாவுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கள்ளந்திரி | திங்கள், இரவு 9.30

டாக்டர், அந்த வலி மாத்திரையைத்தான் கேட்க வந்தேன். அப்பா போட்டது அதுதான். அது எந்த இடத்தில் கை வைக்கிறது என்று சமன்பாட்டில் காட்ட முடியுமா?

தெற்குமாசி டாக்டர் | திங்கள், இரவு 11.15

முடியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் குழாய்கள் சுமார் பத்து லட்சம். ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று, குளோமருலஸ். உள்ளே வரும் நாளம் ஒன்று, வெளியே போகும் நாளம் ஒன்று. இரண்டையும் திருகிக் குறுக்கலாம், விரிக்கலாம். முடிச்சுக்குள் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எதிரே நிற்பவை இரண்டு: சுற்றியுள்ள கிண்ணத்தின் அழுத்தம் 18, ரத்தத்தில் உள்ள புரதம் நீரைத் திரும்ப இழுக்கும் இழுப்பு 32. 60 − 18 − 32 = 10. இந்தப் பத்தை வைத்துக்கொண்டுதான், பாடப்புத்தகக் கணக்கில், நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது.

இப்போது 60 என்பது 55 ஆகட்டும். ஒன்பது சதவீதம்கூட குறையவில்லை. மிச்சம் 10 என்பது 5. வடிகட்டல் பாதி.

சித்திரை வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், உடம்பு வறண்டிருக்கும்போது ரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற உடம்பு எல்லா நாளங்களையும் இறுக்கும். அந்த நேரத்தில் உள்ளே வரும் நாளத்தைத் திறந்து வைத்திருப்பது உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதைத்தான் நிறுத்துகிறது. வாசல் மூடும், 60 இறங்கும், பத்து காணாமல் போகும். நல்ல சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டு வரும். ஏற்கெனவே பாதி போனவருக்கு அந்தப் பத்தில் எதுவும் மிச்சம் வைத்துக்கொள்ள முடியாது.

கள்ளந்திரி | திங்கள், இரவு 11.40

அது 2.1 வந்த அதே மாதம்.

கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 5.40

அம்மா, தூங்கினாயா? உன் அப்பா அந்த மாத்திரையை எடுத்தது வயலுக்காக, உங்களுக்காக. அந்தத் தாளில் எச்சரிக்கை எழுதாதது அவர் தப்பு இல்லை, உன் தப்பும் இல்லை. மேலே போவோம்.

கணக்காக எனக்கு ஒரு சந்தேகம். நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது, ஒன்றரை லிட்டர்தான் வெளியே போகிறது என்றால் 178.5 லிட்டர் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இவ்வளவு பெரிய இரண்டு எண்களின் வித்தியாசம் இவ்வளவு சிறியது. வடிகட்டல் பத்து சதவீதம் கூடி 198 ஆகி, உறிஞ்சல் அப்படியே இருந்தால் 19.5 லிட்டர் சிறுநீர். ஒரே நாளில் மனுஷன் வற்றிப்போவான். இதைத் தினமும் கோடு தப்பாமல் பிடித்து வைத்திருப்பது எது?

பேரணை | செவ்வாய், காலை 10.20

நான் இந்த இழையைப் படிக்க மட்டும் வந்தவன். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றேன். பெரியாறு பிரதானக் கால்வாயில் 22 வருஷம் மதகு திறந்து மூடியவன். என் சம்சாரத்துக்கும் கிட்னிதான், அதனால் ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

வாத்தியார் ஐயா கேட்டது எங்கள் வேலையில் தினப்படி வரும் சங்கதி. தலைமதகில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்வது அணை இல்லை, கடைமடை. கடைமடையில் தண்ணீர் மிஞ்சி ஓடினால் ஆள் வந்து சொல்வான், நான் இறக்குவேன். காய்ந்தால் ஏற்றுவேன். கிட்னியிலும் கடைமடையில் ஒரு ஆள் நின்று தலைமதகுக்குச் சேதி சொல்கிறானா?

தெற்குமாசி டாக்டர் | செவ்வாய், மதியம் 1.50

அண்ணே, அப்படியே நிற்கிறான். நெஃப்ரான் குழாய் கீழே இறங்கி, ஹென்லே வளைவு என்ற கொண்டை ஊசி வளைவில் திரும்பி மேலே வரும்போது, தான் கிளம்பிய அதே முடிச்சைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் மாக்குலா டென்சா என்று கொஞ்சம் செல்கள். போகும் நீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கின்றன. உப்பு அதிகம் என்றால் நீர் வேகமாக வந்துவிட்டது, உறிஞ்ச நேரம் போதவில்லை என்று பொருள். உடனே உள்ளே வரும் நாளத்தை இறுக்கச் சொல்லும். ஒவ்வொரு நெஃப்ரானுக்கும் அதன் கடைமடை அதன் தலைமதகுக்குப் பக்கத்திலேயே.

பேரணை | செவ்வாய், மாலை 4.05

அப்படியானால் இன்னொன்றும் நடக்க வேண்டும் டாக்டர். எனக்குச் சேதி வரத் தாமதமாகும். நான் மதகை இறக்கிய பிறகும் கால்வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். "இன்னும் மிஞ்சுது" என்று இரண்டாவது ஆள் வருவான், நான் இன்னும் இறக்குவேன். அப்புறம் பார்த்தால் கடைமடை காய்ந்து கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் இப்படித்தான் நாலு நாள் ஏற்றியும் இறக்கியும் தவிப்பார்கள். தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். கிட்னியிலும் ஆடுமா?

கள்ளந்திரி | செவ்வாய், இரவு 8.55

பேரணை ஐயா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்து தேடினேன். ஆடுகிறது. எலியின் ஒற்றை நெஃப்ரானுக்குள் அழுத்தத்தை அளந்தபோது அது சுமார் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதை டென்மார்க்கில் லேசாக் என்பவர் கண்டார். ஹோல்ஸ்டைன்-ராத்லூவும் மார்ஷும் அதற்குச் சமன்பாடு எழுதினார்கள். காரணம் நீங்கள் சொன்னதேதான்: சேதி போகும் தாமதம். தாமதமும் மதகின் கை வேகமும் ஒரு அளவைத் தாண்டினால் நிலையான தீர்வு உடைந்து ஊசலாக மாறுகிறது. பிறவியிலேயே ரத்த அழுத்தம் கூடிய எலிகளில் அந்த ஊசல் ஒழுங்காகக்கூட இல்லை, தாறுமாறாக இருக்கிறது.

எனக்குத் தாமத வகைக்கெழுச் சமன்பாடு போன செமஸ்டரில் பாடம். பரீட்சைக்காகப் படித்தேன். அது ஒவ்வொருத்தர் இடுப்புக்குள்ளும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

தெற்குமாசி டாக்டர் | செவ்வாய், இரவு 10.30

இந்த மதகுச் சேதி வெறும் ஆராய்ச்சி இல்லை, மருந்துச் சீட்டு வரை வந்துவிட்டது. சர்க்கரை நோயில், முடிச்சுக்குப் பின்னால் வரும் குழாயின் முதல் பகுதி சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்து அள்ளிவிடும். கடைமடைக்குக் குறைவான உப்புதான் போகும். "தண்ணீர் போதவில்லை" என்று தவறான சேதி. மதகு விரியத் திறக்கும், முடிச்சுக்குள் அழுத்தம் வருஷக்கணக்கில் கூடிக்கொண்டே இருக்கும். டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி மருந்துகள் அந்த அள்ளலைத் தடுக்கின்றன. சேதி சரியாகிறது, மதகு இறங்குகிறது. அதனால்தான் மருந்து தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் டாக்டரைக் கேளுங்கள். இந்த மருந்து நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துவதை 2020-இல் வந்த பெரிய சோதனை காட்டியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அனிதா லேட்டன் குழுவினர் இதையெல்லாம் கணினியில் நெஃப்ரான் நெஃப்ரானாகக் கட்டிப் பார்க்கிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாதிரி. தங்கச்சி ப்ராஜெக்ட்டுக்கு அங்கிருந்து தொடங்கலாம்.

பேரணை | புதன், காலை 7.15

பிரஷரைப் பற்றி ஒன்று சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். மழை எவ்வளவு பெய்தாலும் கண்மாயின் நீர்மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு. வரத்து கூடினால் கலிங்கு மேல் ஒரு சாண் கூட ஓடும், அவ்வளவுதான். கலிங்கில் நிற்கும் குத்துக்கல்லுக்கு இடையில் பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால்தான் மட்டம் நிரந்தரமாக ஏறும், கரைக்கும் ஆபத்து வரும்.

தெற்குமாசி டாக்டர் | புதன், மதியம் 2.10

அண்ணே, நீங்கள் சொன்னதை 1972-இல் ஆர்தர் கைட்டன் என்ற அமெரிக்க உடலியலாளர் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளில் எழுதினார். நெடுநாள் ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் தொடங்கும் மட்டம், அதாவது உங்கள் கலிங்கு. மூளையும் ரத்தக்குழாய்ச் சுவரும் அவர் கொடுத்ததைவிட அதிகப் பங்கு வகிக்கின்றன என்று பிறகு பலர் வாதாடினார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பிரஷர் மாத்திரையோடு உப்பையும் ஏன் குறைக்கச் சொல்கிறோம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை.

கள்ளந்திரி | புதன், இரவு 9.20

கொண்டை ஊசி வளைவு ஏன் என்று யாராவது சொல்லுங்கள். நேர்க் குழாய் போதாதா?

கணக்கு வாத்தியார் | புதன், இரவு 10.50

இதை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லாமல் தூக்கம் வராது.

1942-இல் வெர்னர் கூன் என்ற சுவிஸ் வேதியியலாளர் ரிஃபெல் என்பவரோடு சேர்ந்து, முதலில் காகிதத்தில் கண்டுபிடித்தது இது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய், ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. ஏறும் குழாயின் சுவர் உப்பை வெளியே தள்ளும், நீரை விடாது. அதனால் ஒரு மட்டத்தில் உண்டாக்க முடிந்த செறிவு வித்தியாசம் 200 அளவுதான் (லிட்டருக்கு மில்லிஆஸ்மோல், கரைந்திருப்பதன் செறிவை அளக்கும் அலகு). முதலில் எல்லா இடத்திலும் 300. தள்ளிய பிறகு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 200. இப்போது நீர் ஒரு படி நகர்கிறது: 400 கீழே இறங்கித் திரும்பி ஏறும் பக்கம் வருகிறது. அங்கே மறுபடியும் 200 வித்தியாசம். இப்போது ஒரு பக்கம் 500. மறுபடி நகர்வு, மறுபடி தள்ளல். சின்ன வித்தியாசம் படிப்படியாக அடுக்கி, மனிதனில் வளைவின் அடியில் 1200 வரை போகிறது. நேர்க் குழாயில் 200-ஓடு நின்றிருக்கும். நானே கட்டம் போட்டுப் பென்சிலால் பன்னிரண்டு சுற்று போட்டுப் பார்த்தேன். ஏறுகிறது.

1951-இல் விர்ஸ், ஹார்கிட்டே, கூன் மூவரும் எலியின் சிறுநீரகத்தைத் துண்டாக்கி உறைநிலையை வைத்து அளந்து, உள்ளே போகப் போகச் செறிவு ஏறுவதைக் காட்டினார்கள். 1959-இல் காட்ஷாக்கும் மில்லேயும் குழாய்க்குள்ளேயே நுண்ணூசி விட்டு உறுதி செய்தார்கள். கணக்கு முன்னால் போனது, ஊசி பின்னால் வந்தது.

அதன் பயன் என்ன என்று கேட்டால்: நாளுக்கு உடம்பு வெளியேற்ற வேண்டிய கழிவு சுமார் 600 மில்லிஆஸ்மோல். 1200 செறிவில் போனால் அரை லிட்டர் நீர் போதும். செறிவாக்க முடியாமல் 300-இலேயே நின்றால் இரண்டு லிட்டர். செங்கல் சூளையில் நிற்பவருக்கு அந்த ஒன்றரை லிட்டர்தான் உயிர்.

ஆனால் அம்மா, ஒரு ஓட்டை இருக்கிறது. சிறுநீரகத்தின் ஆழத்தில் ஏறும் குழாய் மெல்லியது. அங்கே உப்பைத் தள்ளும் பம்ப்பே இல்லை. ஆனால் செறிவு அதிகம் ஏறுவது அங்கேதான். 1972-இல் ஸ்டீஃபன்சன் ஒரு பக்கமும், கோக்கோ–ரெக்டர் ஒரு பக்கமும் யூரியாவை வைத்து ஒரு விளக்கம் சொன்னார்கள். அளந்த எண்களை அதில் போட்டால் கணக்கு சரியாக நிற்கவில்லை. இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. நம் எல்லோர் உடம்பிலும் தினமும் நடக்கும் ஒரு காரியம், அதற்கு இன்னும் கணக்கு முடியவில்லை! எனக்கு 30 வயது குறைந்தால் இதில்தான் உட்காருவேன்.

சிவப்புக்கோடு | வியாழன், இரவு 11.55

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், அண்ணா நகர்ப் பக்கம். ட்யூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். எல்லாம் நல்லாயிருக்கிறது, ஆனால் அக்கா அப்பாவுக்கு இன்றைக்கு வேண்டிய கணக்கு ஒன்றை யாரும் சொல்லவில்லை. கேட்டி பை வி.

கே என்றால் மெஷின் நிமிஷத்துக்குச் சுத்தம் செய்வது, டி நேரம், வி உடம்பு நீர். நிமிஷத்துக்கு 200 மில்லி, நாலு மணி, அதாவது 240 நிமிஷம்: 48 லிட்டர். 60 கிலோ ஆளுக்கு 36 லிட்டர். 48 ÷ 36 = 1.33. ஒரு தடவைக்கு 1.2-க்குக் கீழே போகக் கூடாது, 1.4 வைத்தால் நல்லது. இது 1985-இல் காட்ச், சார்ஜென்ட் கொண்டுவந்த அளவு. வாரத்துக்கு மூன்று முறை வருபவர்களுக்குச் சொன்னது. இரண்டே முறை வருபவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

அரை மணி முன்னால் எடுத்துவிட்டால் 42 ÷ 36 = 1.17.

தினமும் ஒருத்தராவது கேட்பார், "தம்பி, கடைசி அரை மணி விட்டுடுங்க, பஸ் போயிரும்". எனக்குக் கை நடுங்கும். பஸ் போனால் ஆட்டோவுக்கு 300 ரூபாய், அதுவும் எனக்குத் தெரியும்.

கள்ளந்திரி | வெள்ளி, காலை 6.05

தம்பி, எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார். அழகர்கோவில் ரோட்டு டவுன் பஸ்ஸுக்காக மூன்றரை மணி நேரத்திலேயே எழுந்துவிடுகிறார். எனக்கு இது நேற்றுவரை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. போன மாத ரிப்போர்ட்டில் யூரியா முன்னால் 150, பின்னால் 58 என்று இருக்கிறது. இதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

சிவப்புக்கோடு | வெள்ளி, காலை 6.30

கண்டுபிடிக்கலாம் அக்கா. 150-ஐ 58-ஆல் வகுத்து இயல் மடக்கை (ln) எடுத்தால் 0.95. டயாலிசிஸ் நடக்கும்போதே ஊறும் யூரியாவும், எடுக்கும் நீரும் சேர்த்தால் கூடும். அதற்கு டாகிர்டாஸ் வாய்ப்பாடு இருக்கிறது. எடுத்த நீர் 2.4 லிட்டர் என்று வைத்துப் போட்டால் 1.13 வருகிறது. நான் மேலே போட்ட 1.17-க்குப் பக்கத்தில்தான்.

இன்னொன்று. பின்னால் எடுத்த 58 நிஜமில்லை. மெஷின் ரத்தத்தை வேகமாகச் சுத்தம் செய்கிறது, தசைக்குள் இருப்பது மெதுவாக வருகிறது. அரை மணி, ஒரு மணி கழித்து எடுத்தால் யூரியா மறுபடி ஏறியிருக்கும். தொட்டி ஒன்று இல்லை, இரண்டு.

தெற்குமாசி டாக்டர் | வெள்ளி, மதியம் 3.00

தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஒரு வார்த்தை மட்டும்: 1.2-ஐ எட்டியபின் அதை இன்னும் இன்னும் ஏற்றினால் ஆயுள் கூடும் என்று எதிர்பார்த்து 2002-இல் அமெரிக்காவில் பெரிய சோதனை செய்தார்கள். கூடவில்லை. யூரியா ஒரு அடையாளம்தான், நச்சு முழுவதும் அது இல்லை. ஆகவே 1.2-க்குக் கீழே போகாதீர்கள், அதற்கு மேல் நீர், உப்பு, பாஸ்பரஸ், ரத்தசோகை இவற்றில் கவனம் வையுங்கள். உப்புக்கு ஒரு கணக்கு வீட்டில் ஒட்டி வையுங்கள்: 9 கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். ஒரு லிட்டர், ஒரு கிலோ. கருவாடும் மாங்காய் ஊறுகாயும் அந்த எடையில் தெரியும்.

கள்ளந்திரி | அடுத்த வெள்ளி, இரவு 9.45

ஒரு வாரம் ஆகிவிட்டது. பேரணை ஐயா, சிவப்புக்கோடு தம்பி, எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

சனிக்கிழமை அப்பாவோடு டயாலிசிஸுக்குப் போனேன். மூன்றரை மணி ஆனதும் அவர் வழக்கம்போல மணியைப் பார்த்தார். நான் நோட்டை விரித்து 42-ஐயும் 48-ஐயும் காட்டினேன். கண்மாய்த் தண்ணீர் மாதிரி 36 லிட்டர், அதை ஒரு தடவை முழுதாகக் கழுவி, மேலும் மூன்றில் ஒரு பங்கு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணிக்கு வந்து ஒண்ணே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

செவ்வாயும் முழு நாலு மணி. ரிப்போர்ட் வந்தது: முன்னால் 142, பின்னால் 48. எடுத்த நீர் அதே 2.4. வாய்ப்பாட்டில் போட்டால் 1.30.

வீட்டுக்கு வந்து அப்பா நோட்டை வாங்கிப் பின்னால் புரட்டினார். அந்த வளைவு இருந்தது. 2.1-இல் விரலை வைத்து, "இன்னிக்கே பாதி போயிருச்சாத்தா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், சித்தப்பாவுக்கு ஃபோன் போடச் சொன்னார். சித்தப்பாவுக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை. அவர் ரிப்போர்ட்டை இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 52 வயது, 64 கிலோ, கிரியேட்டினின் 1.5. நானே போட்டேன்: 88 × 64 ÷ 108 = 52. அவர் லேப் தாளிலும் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

டாக்டர், திங்கட்கிழமை அவரைக் கூட்டி வருகிறேன். ஆல்புமின் பார்க்கக் காலை முதல் சிறுநீர்தான் வேண்டுமா?

தெற்குமாசி டாக்டர் | அடுத்த வெள்ளி, இரவு 10.20

ஆமாம், காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். பழைய ரிப்போர்ட் எவ்வளவு இருந்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள். இடுப்புக்கோ முழங்காலுக்கோ மாத்திரை போடுகிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள், திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.

கள்ளந்திரி | அடுத்த வெள்ளி, இரவு 10.32

கேட்டுவிட்டேன். முழங்காலுக்கு, மூன்று மாதமாக. அப்பாவே ஃபோனை வாங்கிப் பேசிக்கொண்டிருக்கிறார்.